ஓரடி மண்: பிறக்குமுன் இறந்த பிள்ளைகளும் கிறிஸ்தவ அடக்கமும்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் பெரும்பாலும் மருத்துவமனைத் துணியையே நெய்கின்றன. புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ், அறுவை அரங்கில் இரத்தம் ஒற்றும் காஸ் என்று நாட்டின் பல மூலைகளுக்கு அங்கிருந்து துணி போகிறது. அந்த வகைத் துணியில் ஒரு முழம் சில இரவுகளில் வேறொரு வேலைக்கும் எடுக்கப்படுகிறது. வயிற்றிலேயே துடிப்பு அடங்கிப் பிறந்த பிள்ளையைத் துடைத்து, சுற்றி, பிரசவ அறை வாசலில் நிற்கும் தகப்பன் கையில் கொடுக்க அதுதான் உதவுகிறது.

கொடுத்தபின் அந்தப் பிள்ளை எங்கே போகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இரண்டு ஊரிலும் அரசு மருத்துவமனை உண்டு, கிறிஸ்தவர்கள் உண்டு, அவர்களுக்குக் கோயிலும் கல்லறைத் தோட்டமும் உண்டு. இவ்வளவும் இருக்கும் இடத்தில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் பிறவாப் பிள்ளைக்கு ஓரடி மண்ணும் ஒரு ஜெபமும் சலுகையாக அல்லாமல் உரிமையாகவே கிடைக்க வேண்டும். திருச்சபை அதற்கான கதவை எப்போதோ திறந்துவிட்டது. திறந்திருக்கிறது என்ற செய்திதான் பிரசவ அறை வாசல்வரை வந்து சேரவில்லை.

ஓசையில்லாத அடக்கம்

பெரியவர் ஒருவர் இறந்தால் தெற்குச் சீமைக் கிறிஸ்தவ ஊர்களில் துக்க மணி அடிக்கும். கத்தோலிக்கச் சாமியாரோ சீர்திருத்த சபை ஐயரோ வருவார், சிலுவை முன்னே போகும், பாட்டு உண்டு, கடைசியில் ஆளுக்கொரு பிடி மண் உண்டு. வயிற்றுப்பிள்ளை இறந்தால் இவற்றில் ஒன்றும் இல்லை. "ஆள் கூட்ட வேண்டாம், விடியுமுன்ன முடிச்சிருவோம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு மண்வெட்டி, ஒரு டார்ச், இரண்டு மூன்று ஆண்கள். தாய் வார்டில் கிடக்கிறாள். முகத்தைப் பார்த்துவிட்டால் மனசு ஆறாது என்று சொல்லி, பிள்ளையை அவளுக்குக் காட்டாமலே கொண்டுபோவதும் உண்டு. எங்கே வைத்தீர்கள் என்று பிறகு அவள் கேட்டால், "அத எதுக்கு இப்ப கேக்குற?" என்பார்கள். இவர்களில் யாருக்கும் கொடுமை செய்யும் எண்ணம் கிடையாது. அவளைக் காப்பாற்றுவதாகவே நினைக்கிறார்கள்.

ஆனால் உடல் மறப்பதில்லை. மூன்றாம் நாள் வாக்கில் பால் கட்டுகிறது. குடிக்கப் பிள்ளை இல்லாத பாலை வற்றவைக்க மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது தென்னாட்டு வழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இவ்வழக்கத்தைப் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1988-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினை இரண்டுமே குறைத்தன. மாத்திரை கூடுதலாகக் குறைத்தாலும், மார்பு கட்டுவதும் பால் சுரப்பதும் அடங்கியதில் இரண்டும் சமமாகவே பலன் தந்தன. தலையில் சூடவேண்டிய பூவை மார்பில் கட்டிப் படுத்திருக்கும் ஒருத்தியிடம் "ஒண்ணும் இல்ல, போயிருச்சு" என்று சொல்லி ஆற்றிவிட முடியாது. அவள் தாயாகிவிட்டாள் என்பதற்கு அவள் உடம்பே சாட்சி. அந்தச் சாட்சியை ஊரும் சபையும் ஏற்றுக்கொள்கின்றனவா என்பதுதான் கேள்வி.

இது எங்கோ ஒரு வீட்டில் நடக்கும் அரிய துயரமும் அல்ல. ஐ.நா. அமைப்புகள் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 28 வாரம் நிறைந்தபின் இறந்து பிறக்கும் பிள்ளைகள் உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 லட்சம். அதாவது 16 நொடிக்கு ஒன்று. 2019-இல் இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 3.4 லட்சம். எண்ணிக்கையில் வேறெந்த நாட்டையும்விட இதுவே அதிகம். பத்தில் நான்குக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிரசவ வலி தொடங்கிய பிறகே இறக்கிறார்கள். நல்ல கவனிப்பு இருந்தால் அவர்களில் பலரைக் காப்பாற்றியிருக்கலாம். ஆயிரம் பிறப்புக்கு ஒற்றை இலக்கமாக இந்த இழப்பை 2030-க்குள் குறைக்க வேண்டும் என்று 2014-இல் வகுக்கப்பட்ட இந்தியப் பச்சிளம் குழந்தைகள் செயல்திட்டம் குறிக்கோள் வைத்தது. 28 வாரத்துக்கு முன் இழந்த பிள்ளைகள் இந்தக் கணக்குகள் எதிலும் வருவதே இல்லை.

தமிழ் நிலம் அறிந்த துக்கம்

பிறவாப் பிள்ளையின் மாண்பு என்பது வெளியிலிருந்து வந்த பேச்சு என்று நினைப்பவர்கள் புறநானூற்றின் 74-ஆம் பாடலைப் பார்க்க வேண்டும். சோழன் செங்கணானிடம் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாகச் சொல்லப்படும் பாடல் அது. தன் குலத்து வழக்கம் ஒன்றை அவன் நினைவுகூர்கிறான். குழந்தை இறந்து பிறந்தாலும், உருவமே இல்லாத சதைப்பிண்டமாகப் பிறந்தாலும், அது ஓர் ஆளில்லை என்று விட்டுவிட மாட்டார்களாம். போர்க்களத்தில் விழுந்த வீரனுக்குரிய வாள்புண்ணை அதற்கும் தருவார்களாம். அந்தச் சடங்கு இன்று நமக்குக் கடுமையாகத் தோன்றலாம். அதன் பொருளோ தெளிவு: உருவம் நிறையாததும் குலத்தின் ஆள்தான். குலத்தின் பெரியவருக்கு எந்த முடிவு மரியாதையோ அதே முடிவு அதற்கும் உண்டு.

சாலையோரச் சுமைதாங்கிக் கல் இன்னொரு சாட்சி. நிறுத்திய இரண்டு கற்கள்மேல் குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு நடப்பவர் இறக்கி வைத்து இளைப்பாற உதவும் அந்தக் கல்லை, கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாக நடுவது தமிழர் வழக்கம். அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்கு ஊர் செய்யும் பிராயச்சித்தம் அது. பிறவாத பிள்ளைக்கும் பாரம் உண்டு, அந்தப் பாரம் ஊரார் அனைவருக்கும் உரியது என்று கல்லாலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் மூலக்கதையும் ஒரு பச்சிளங்குழந்தையின் கதைதான். நந்தவனத்துத் துளசியடியில் கிடந்த பெண்பிள்ளையை எடுத்துக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார் பெரியாழ்வார். பெற்ற பிள்ளைகளுக்குத் திருமாலின் பெயரை இடச்சொல்லித் தாய்மாரை வேண்டும் ஒரு பதிகம் அவருடைய திருமொழியில் உண்டு. பெயரிடுவதுதான் ஒரு பிள்ளையை உலகத்தோடும் கடவுளோடும் சேர்க்கும் முதல் செயல் என்பது அந்த மண்ணில் ஊறிய உணர்வு. அந்த ஊரில் வாழும் கிறிஸ்தவரும் அந்த மண்ணின் பிள்ளைகளே.

நான்கு சட்டம், நான்கு கோடு

நம் சட்டங்களோ இந்தப் பிள்ளையைப் பற்றி ஒரே குரலில் பேசவில்லை.

1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 318-ஆம் பிரிவு, பிறப்பை மறைக்கும் எண்ணத்தோடு குழந்தையின் சடலத்தை இரகசியமாகப் புதைப்பதைக் குற்றமாக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 94-ஆம் பிரிவு. குழந்தை பிறக்குமுன் இறந்ததா, பிறக்கும்போது இறந்ததா, பிறந்தபின் இறந்ததா என்ற வேறுபாடு இந்தப் பிரிவுக்கு இல்லை. மூன்றையும் அது குழந்தை என்றும் சடலம் என்றுமே சொல்கிறது.

2025 நவம்பர்வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் ராஜபாளையம் போன்ற ஆலை நகரத்துப் பெண்களுக்கு அன்றாடம் தேவைப்பட்டது. குழந்தை என்ற சொல்லுக்கு அது தந்த வரையறைக்குள் இறந்து பிறந்த குழந்தையும் அடக்கம். 26-ஆம் வாரம்வரை நேர்வது கருச்சிதைவு. அதற்கும் ஆறு வாரம் ஊதியத்தோடு விடுப்பு உண்டு.

1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில்தான் விசித்திரம். பிறப்பு என்றால் உயிரோடு பிறப்பதும் இறந்து பிறப்பதும் என்கிறது. இறப்பு என்றால் உயிரோடு பிறந்தபின் உயிர் அடங்குவது மட்டுமே என்கிறது. ஆக, 28 வாரம் நிறைந்து இறந்து பிறந்த பிள்ளை சட்டத்தின் கண்ணில் பிறந்திருக்கிறது, ஆனால் இறக்கவில்லை. இச்சட்டத்தின்கீழ் அதைப் பதிவதற்கென்று வகுத்த 3-ஆம் எண் படிவத்தில் தேதி, பால், தகப்பன் பெயர், தாய் பெயர் எல்லாம் கேட்கப்பட்டன. பிள்ளையின் பெயருக்கு மட்டும் கட்டமே வைக்கவில்லை.

கடைசியாக 2016-ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். கருக்கலைப்புச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, தாயின் உடலுக்கு வெளியே பிழைக்கும் பருவத்தை எட்டாத சிசுவை மனித உடற்கூற்றுக் கழிவு என்று இவ்விதிகள் வகைப்படுத்துகின்றன. மஞ்சள் பையில் போட்டு எரியூட்ட அனுப்பவேண்டிய வகை அது. கருக்கலைப்புச் சட்டம் முதலில் வைத்த வரம்பு 20 வாரம். 2021-இல் வந்த திருத்தம் குறிப்பிட்ட பிரிவினருக்கு அதை 24 ஆக்கியது.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் இடைவெளி தெரிகிறது. 24 வாரம் கடந்து 28 நிறையாமல் இறந்த பிள்ளை கழிவுப் பட்டியலிலும் உறுதியாக அடங்காது, பதிவேட்டிலும் ஏறாது. அதற்கும் சிறியதை என்ன செய்வது என்று பெற்றோரைக் கேட்கவேண்டும் என ஒரு வரிகூட அந்தக் கழிவு அட்டவணையில் இல்லை. தொற்றுப் பரவக் கூடாது, மருத்துவமனைகள் எதையும் குப்பையில் வீசக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் பிறந்த விதி அது. ஊசியையும் பஞ்சையும் மனத்தில் வைத்து எழுதிய அட்டவணையில் ஒரு தாயின் பிள்ளையும் ஒரு வரியாகிவிட்டது.

இறந்த உடலுக்கும் மாண்பு உண்டு என்பதை நம் நீதிமன்றங்கள் மறந்துவிடவில்லை. மலேசியாவில் இறந்த மகனின் உடலைக் கொண்டுவரக் கேட்ட சேதுராஜா வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2007-இல் இதைத் தெளிவாகச் சொன்னது. அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் மாண்புரிமை, மரபுக்கேற்ற கண்ணியமான அடக்கத்தையும் தழுவுகிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். பிறவாப் பிள்ளையின் பெற்றோரும் அந்த நிழலில் நிற்க உரிமை உள்ளவர்கள்.

பிரிட்டனில் இதே கேள்வி வெளிச்சத்துக்கு வந்தது 2014-இல். கருவிலேயே இறந்த சிசுக்களைப் பல மருத்துவமனைகள் கழிவோடு சேர்த்து எரித்துவந்தது ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியால் அம்பலமானது. அடுத்த ஆண்டே, பெற்றோரிடம் கேட்டு அவர்கள் விருப்பப்படி செய்யவேண்டும் என்று மனிதத் திசு ஆணையம் நெறிமுறை வகுத்தது. 24 வாரத்துக்கு முன் இழந்த பிள்ளைக்கும் பெற்றோர் கேட்டால் சான்றிதழ் தரும் முறை 2024 பிப்ரவரியில் இங்கிலாந்தில் தொடங்கியது. எங்கும் மாற்றம் ஒரே புள்ளியில்தான் பிறந்திருக்கிறது: பெற்றோரைக் கேட்பது.

மதிலுக்கு வெளியே

அரசைக் குறை சொல்லுமுன் திருச்சபை தன் கணக்கைப் பார்க்க வேண்டும். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளின் கதி பற்றி 5-ஆம் நூற்றாண்டில் புனித அகுஸ்தினார் கடுமையாக எழுதினார். இடைக்கால இறையியலாளர்கள் அந்தக் கடுமையைத் தணிக்க லிம்போ என்ற நிலையைப் பேசினார்கள். அங்கே வேதனை இல்லை, ஆனால் கடவுளின் முகமும் இல்லை. அது ஒருநாளும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படவில்லை. ஆனாலும் தாய்மாரின் நெஞ்சில் பல நூற்றாண்டு பாறாங்கல்லாகக் கிடந்தது.

அந்தக் கல்லின் கனம் எவ்வளவு என்பதற்குச் சுவிட்சர்லாந்தின் ஓபர்பூரென் சாட்சி. இறந்து பிறந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் அங்கிருந்த மாதா கோயிலுக்கு ஓடினார்கள். கணநேரம் உயிர் திரும்பியதற்கு ஓர் அடையாளம் தெரிந்தாலும் போதும், ஞானஸ்நானம் கொடுத்துப் புனித மண்ணில் அடக்கிவிடலாம் என்ற தவிப்பு அது. சீர்திருத்தக் காலத்தில், 1528-இல், அந்தத் தலம் மூடப்பட்டது. 1990-களில் நடந்த அகழாய்வில் ஏறக்குறைய 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. அயர்லாந்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று மந்திரிக்கப்படாத தனிப் புதைகாடுகளே இருந்தன. வயல் ஓரத்திலும் கடற்கரை மேட்டிலும் பெயரில்லாத சிறு கற்கள் இன்றும் அவற்றைக் காட்டுகின்றன.

இந்தப் பழக்கங்களின் பின்னே எழுத்தில் இருந்த சட்டமும் உண்டு. 1917-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1239-ஆம் எண், ஞானஸ்நானம் இல்லாமல் இறந்தவர்களுக்குக் கோயில் அடக்கத்தை மறுத்தது. அப்படி மறுக்கப்பட்டவர்களுக்கென்று தனியே அடைத்த ஓர் இடம் இருக்கவேண்டும் என்றது 1212-ஆம் எண். ஆங்கிலிக்கர் தரப்பிலும் இதே மதில்தான். ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவருக்கு அடக்க ஆராதனை முறையைப் பயன்படுத்தக் கூடாது என்பது 1662-ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தின் குறிப்பு.

இவ்விரு மரபும்தான் நம் பகுதிக்கு வந்தன. 1606-இல் ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்ததிலிருந்து வேரூன்றிய இயேசு சபை மிஷன் ஒன்று. 1854-இல் தாமஸ் ராக்லண்ட் வட திருநெல்வேலியில் ஊர் ஊராகச் சுற்றி ஊழியம் செய்யத் தொடங்கி, 1858-இல் சிவகாசியில் உயிர்விட்ட களமான ஆங்கிலிக்கரின் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷன் மற்றொன்று. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததே. சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஓடிப்போய் ஞானஸ்நானம் கொடுக்க உபதேசியாருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் கற்றுக்கொடுத்தது மிஷனின் அன்பு. கொடுக்குமுன் இறந்த பிள்ளையை மதிலுக்கு வெளியே வைத்தது அதே மிஷன் கொண்டுவந்த சட்டம்.

திறந்த கதவு

1969-இல் வெளிவந்த கத்தோலிக்க அடக்கச் சடங்குநூல் அந்த மதிலில் ஒரு வாசல் வைத்தது. ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைக்கென்று அதில் தனி ஜெபங்கள் சேர்ந்தன. 1983-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தின் 1183-ஆம் எண், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்து அதற்குமுன் இறந்துபோன பிள்ளைகளுக்குக் கோயில் அடக்கத்தை ஆயர் அனுமதிக்கலாம் என்றது. 1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் அவர்களைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கச் சொன்னது. திருத்தந்தை 16-ஆம் பெனடிக்டின் ஒப்புதலோடு 2007-இல் வெளிவந்த பன்னாட்டு இறையியல் குழுவின் ஆவணம், லிம்போவைத் தேவைக்குமேல் இறுக்கமான கருத்தாகக் கண்டு, இந்தப் பிள்ளைகள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றது.

திருச்சபையின் நாட்காட்டியோ இதை முன்பே அறிந்திருந்தது. டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோதின் வாளுக்கு இரையான பெத்லகேம் பிள்ளைகளில் ஒருவரும் ஞானஸ்நானம் பெற்றவர் அல்ல. அவர்களைப் புனிதராகக் கொண்டாடும் திருச்சபை மற்றப் பிள்ளைகளைக் கைவிட்டிருக்க முடியாது. சீர்திருத்த சபையாருக்குத் தாவீதின் கதை போதும். ஏழாம் நாளில், விருத்தசேதனத்துக்கு முன்னரே என்று பலர் கொள்ளும் வேளையில், பெயரும் சொல்லப்படாத அவன் குழந்தை இறந்தது. அதனிடம் தான் ஒருநாள் போய்ச் சேர்வேன் என்ற நம்பிக்கையோடு எழுந்து முகம் கழுவினான் தாவீது.

இங்கே ஒரு தெளிவு தேவை. இறந்த உடலுக்கு ஞானஸ்நானம் கிடையாது, அது உயிரோடு இருப்பவருக்கே உரிய அருட்சாதனம். "ஒரு சொட்டுத் தண்ணியாவது ஊத்துங்க சாமி" என்று கெஞ்சும் பெற்றோரிடம் இதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் அவர்கள் கேட்பது மறுப்பு ஒன்றைத்தான். தொடர்ந்து சொல்லவேண்டியது இது: ஞானஸ்நானம் இல்லாவிட்டாலும் அடக்கம் உண்டு, ஜெபம் உண்டு, கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு.

ஏனென்றால் அடக்கத்தின் அடிப்படை உடல். இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று. தெருவில் கிடந்த சடலத்தை அடக்கிய தோபித்து அதனிடம் சான்று கேட்கவில்லை. 1987-இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுரை இதையே சொல்கிறது. தானாகக் கலைந்திருந்தாலும் கலைக்கப்பட்டிருந்தாலும், கருவின் உடலுக்கு மற்ற மனிதரின் உடலுக்குரிய மரியாதையே தரவேண்டும். ஆகவே மருத்துவ நெருக்கடியில் கருவை இழக்கநேர்ந்த பெண்ணைக் கல்லறை வாசலில் நிறுத்தி விசாரிக்க எவருக்கும் உரிமை இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்காக எழுந்த சுவரை வெட்கக்கேடு என்று சொல்லும் நாம், குழந்தைகளுக்காக மனத்துக்குள் எழுப்பியிருக்கும் சுவரையும் இடித்தாக வேண்டும்.

செய்யவேண்டியவை

முதலில், ஆயரின் அனுமதி இரவு இரண்டு மணிக்குக் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் எல்லாப் பங்குத்தந்தையருக்கும் அதை முன்கூட்டியே பொதுவாகக் கொடுத்துவிடலாம். தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலங்களும் தங்கள் குருமாருக்கு எழுத்தில் ஒரு நெறியைத் தரலாம். பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்ததும் வீட்டார் சாமியாருக்கோ ஐயருக்கோ போன் செய்யலாம், செய்தால் வருவார் என்பது பூசையிலும் ஆராதனையிலும் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும்.

இரண்டாவது, மருத்துவமனையில் கேட்பது. பிள்ளையின் உடல் எங்களுக்கு வேண்டும் என்று குடும்பம் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் எழுதிக் கொடுப்பது நல்லது. 28 வாரம் கடந்திருந்தால் பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். தாய் விரும்பினால் பிள்ளையை அவள் மடியில் சற்றுநேரம் வைக்க வேண்டும். பார்க்க வேண்டாம் என்றால் அதுவும் அவள் முடிவே.

மூன்றாவது, இடம். கல்லறைத் தோட்டத்தின் நடுவிலேயே, தாத்தா பாட்டிகளின் கல்லறைக்கு அருகில், இப்பிள்ளைகளுக்கு ஒரு பாத்தி ஒதுக்கலாம். தனித்தனியே குழி தோண்ட முடியாத அளவு சிறியவர்களுக்கு ஒரு பொதுக் கல் போதும்.

நான்காவது, பெயர். அரசுப் படிவத்தில் கட்டம் இல்லாவிட்டால் கோயில் அடக்கப் பதிவேட்டில் எழுதலாம். ஆணா பெண்ணா என்று தெரியாத பருவமாக இருந்தாலும் பெற்றோர் மனத்தில் ஒரு பெயர் இருக்கும். கேட்டால் சொல்வார்கள். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஊரெல்லாம் சுண்ணாம்பு அடித்து, பூச்சரம் சுற்றி, மெழுகுதிரி ஏற்றும். அன்றைக்குத் தோட்டத்துக்கு வந்து, எல்லாருடைய கல்லறையிலும் திரி வைத்துவிட்டு, கையில் ஒரு திரியை மிச்சம் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இன்று எழுபது வயது. அடுத்த நவம்பருக்குள் அந்தத் திரிக்கு ஓரடி மண் அளந்து விடுவது நம் சபைகளால் முடியாத காரியம் அல்ல.